பழைய கெப் வாகனத்துக்கு எந்த ரேடியேட்டர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1994ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா ஹைலக்ஸ் கெப் வாகனம் ஒன்று உள்ளது. 3எல் டீசல் என்ஜின், சாதாரண மனுவல் கியர். கொட்பே துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும், மீனுக்குக் கேள்வி இருக்கும் நாட்களில் கண்டிக்கும் ஓடுகிறேன். ஹபரணை வரைக்கும், அதற்கு அப்பால் தம்புள்ளை வரைக்கும் வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறது. மாத்தளையைக் கடந்து ஏற்றம் தொடங்கியதும் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்கிறது. ரேடியேட்டரின் மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் பித்தளை. தொட்டிகளுக்கு இடையில் குழாய்களும் மென்தகடுகளும் சேர்ந்த கோரின் கீழ்ப்பகுதியில் மென்தகடுகள் உதிர்ந்துவிட்டன. ஏற்கெனவே சில இடங்களில் ஈயம் வைத்து ஒழுக்கை அடைத்திருக்கிறேன். ஒரு கடைக்காரர் பிளாஸ்டிக் தொட்டியுடன் கூடிய புதிய அலுமினிய ரேடியேட்டரை வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் கொழும்பு பஞ்சிகாவத்தையில் யப்பானிலிருந்து வந்த பாவித்த ரேடியேட்டர் எடுக்கலாம் என்கிறார். ரேடியேட்டர் வேலை செய்யும் முதியவர் ஒருவரோ தொட்டிகளை வைத்துக்கொண்டு கோரை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். என் மருமகன் முழுக்க அலுமினியத்தில் வெல்டிங் செய்யப்பட்ட ஒன்றை இணையத்தில் காட்டி, “மாமா, மூன்று வரிசையாகப் பார்த்து எடுங்கள்” என்கிறான். எதை எடுப்பது?
– வாசகர், உப்புவெளி

பதில்: உங்கள் ரேடியேட்டர் மாற்றப்பட வேண்டியதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. குழாய்களுக்குள் ஓடும் நீரின் வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்துவது அந்த மென்தகடுகளே. அவை உதிர்ந்த பகுதியில் நீர் ஓடினாலும் வெப்பம் வெளியேறாது. சமதரையில் என்ஜின் குறைந்த வெப்பத்தையே வெளிவிடுவதால் எஞ்சிய கோர் சமாளித்துக்கொள்கிறது. சுமையுடன் ஏறும்போது அந்தக் குறை வெளிப்படுகிறது. ஓட்டத்தில் சீராக இருந்து, சந்தியில் நெரிசலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறியிருந்தால், ரேடியேட்டரை விட்டுவிட்டு விசிறியையும் அதன் கிளச்சையும் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஏற்றத்தில் மட்டும் சூடாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஹெட் கஸ்கெட் (என்ஜின் கட்டைக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) கசிவு, அல்லது சிலிண்டர் ஹெட்டில் மயிரிழை வெடிப்பு. பணத்தைக் கொடுப்பதற்கு முன் காலையில், என்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து என்ஜினை இயக்கிப் பாருங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. இடைவிடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், அல்லது மூடியை இட்டு இயக்கிய ஓரிரு நிமிடங்களுக்குள், நீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லைப் போல இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு நீர்ப்பாதைக்குள் புகுகிறது என்று பொருள். சில கராஜ்களில் இதற்கான பரிசோதனைத் திரவம் உண்டு. நீல நிறத் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் கசிவு உறுதி. அந்த நிலையில் எந்த ரேடியேட்டரை மாட்டினாலும் கண்டி ஏற்றத்தில் அதே கதைதான். சூடான என்ஜினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இனித் தெரிவுக்கு வருவோம். கடையில் “94 ஹைலக்ஸ்” என்று கேட்பது போதாது. அந்தத் தலைமுறை ஹைலக்ஸ் வாகனங்கள் பெற்றோல் என்ஜினுடனும், 2446 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள 2எல் டீசலுடனும், 2779 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள 3எல் டீசலுடனும் வந்தன. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் ரேடியேட்டர்கள் கோரின் தடிப்பிலும் ஹோஸ் வாய்களின் இடத்திலும் வேறுபடலாம். என்ஜின் அறையிலுள்ள உலோகத் தகட்டின் மாதிரிக் குறியீட்டையும் செசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போனால், உதிரிப்பாகப் பட்டியலில் உரிய இலக்கத்தை எடுக்கலாம். டொயோட்டாவின் ரேடியேட்டர் இலக்கங்கள் 16400 என்று தொடங்கும். இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வயதுடைய கெப் வாகனங்களில் பலவற்றில் என்ஜின் இடையில் மாற்றப்பட்டிருக்கும். 2எல் என்ஜினுடன் வந்த வாகனத்தில் பின்னர் 3எல் ஏற்றியிருந்தால், செசி இலக்கம் சிறிய என்ஜினுக்குரிய ரேடியேட்டரையே காட்டும். நீங்கள் “ஒரிஜினல்” என்று நம்பி, போதாததை வாங்கி வருவீர்கள். என்ஜின் கட்டையில் பொறித்திருக்கும் குறியீட்டையும் தகட்டையும் பதிவுச் சான்றிதழையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே இலக்கத்தை நம்புங்கள்.

இலக்கம் கிடைத்தாலும் அளவுநாடா தேவை. தொட்டிகளைச் சேர்க்காமல் கோரின் உயரம், அகலம், தடிப்பு ஆகிய மூன்றையும் மில்லிமீற்றரில் அளந்துகொள்ளுங்கள். மேல், கீழ் ஹோஸ் வாய்களின் வெளிவிட்டமும், அவை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும், பக்கத் தாங்கிகளின் துளைகளுக்கு இடையிலான தூரமும், விசிறியைச் சுற்றியுள்ள உறையைப் பூட்டும் துளைகளும் முக்கியம். அந்த உறையைப் பலர் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை; துளை பொருந்தாவிட்டால் கழற்றிக் கராஜ் மூலையில் போட்டுவிடுகிறார்கள். உறை இல்லாத விசிறி தன் இதழ்களுக்கு நேரே உள்ள வட்டத்தின் ஊடாக மட்டுமே காற்றை இழுக்கும். கோரின் நான்கு மூலைகளும் வேலையின்றிக் கிடக்கும். மெதுவாக ஏறும் வண்டியில் காற்றை இழுப்பது விசிறி மட்டுமே என்பதால், உறை பொருந்தாத ரேடியேட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் உங்களுக்கு உதவாது. ஓட்டோ கியர் வாகனத்துக்குரிய ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ஒன்று இருக்கும். அதை மனுவல் வாகனத்தில் வாய்களை அடைத்துவிட்டுப் பாவிக்கலாம், மனுவலுக்குரியதை ஓட்டோவில் அப்படிப் பாவிக்க முடியாது. உங்களுக்கு இது ஒரு வசதி மட்டுமே, கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

மருமகன் சொன்ன வரிசைக் கணக்குக்கு, அதாவது கோரில் முன்னிருந்து பின்னாகக் குழாய்கள் எத்தனை அடுக்காக உள்ளன என்ற கணக்குக்கு வருகிறேன். வரிசையின் எண்ணிக்கையை வைத்துக் குளிர்விக்கும் திறனை அளப்பதுதான் இந்த வியாபாரத்தில் அதிகம் பேரை ஏமாற்றும் கணக்கு. முன் வரிசையைத் தாண்டிப் பின் வரிசைக்குச் செல்லும் காற்று ஏற்கெனவே சூடேறியிருப்பதால், மூன்றாம் வரிசை முதல் வரிசையளவு வேலை செய்வதில்லை. கோர் தடிக்கத் தடிக்கக் காற்றுக்கு எதிர்ப்பும் கூடுகிறது. மணிக்கு 25 அல்லது 30 கிலோமீற்றரில் ஏறும்போது அந்தத் தடித்த கோரின் ஊடாகக் காற்றை இழுக்கப் பழைய விசிறிக்கு வலு போதாமற் போகலாம். அலுமினியக் கோரில் குழாய்கள் அகலமானவை. ஆகவே அகலமான குழாய்களைக் கொண்ட இரண்டு வரிசை அலுமினியம், ஒடுங்கிய குழாய்களைக் கொண்ட மூன்று வரிசைச் செம்புக்கு ஈடாக நிற்கும். வரிசையை எண்ணுவதைவிடக் கோரின் முகப்பில் 10 சென்ரிமீற்றர் அகலத்துக்குள் எத்தனை குழாய்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். பழையதில் எண்ணியதைவிட மலிவான புதியதில் குறைவாக இருந்தால், தடிப்பு எதுவானாலும் அதை வைத்துவிட்டு வாருங்கள். மென்தகடுகள் மிக நெருக்கமாக இருப்பதும் உங்களுக்கு நல்லதல்ல. கச்சான் காற்றுக் காலத்துப் புழுதியும் பூச்சிகளும் அவற்றுக்கிடையில் சிக்கி அடைத்துக்கொள்ளும்.

உலோகத்தைப் பொறுத்தவரை, வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தை விஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் “செம்பு ரேடியேட்டர்” என்று நாம் சொல்வதில் தகடுகள் மட்டுமே செம்பு. குழாய்கள் பித்தளை, இரண்டையும் பிடித்திருப்பது ஈயப் பற்று. பித்தளையும் ஈயப் பற்றும் வெப்பத்தை அலுமினியத்தைவிடக் குறைவாகவே கடத்தும். எனவே நன்றாகச் செய்யப்பட்ட அலுமினிய ரேடியேட்டர் குளிர்விப்பதில் பின்தங்குவதில்லை, பாரமும் குறைவு. அதன் பலவீனம் வேறிடத்தில் உள்ளது. பிளாஸ்டிக் தொட்டி கண்ணாடி இழை கலந்த நைலோனால் ஆனது. இறப்பர் வளையமொன்றை இடையில் வைத்து, அலுமினிய விளிம்பை மடித்து அதைப் பூட்டியிருப்பார்கள். சூடும் அழுத்தமும் மாறி மாறிப் படப்பட ஆண்டுகள் செல்ல நைலோன் நொறுங்கும் தன்மை அடைந்து, பெரும்பாலும் மேல் ஹோஸ் வாயின் அடியில் வெடிக்கும். அதை வழியில் வைத்துத் திருத்த முடியாது. பித்தளையைத் திருத்துபவர் கிடைப்பார். நடுவழியில் மீனுடன் நிற்பவருக்கு அது சிறிய விடயமல்ல.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதியவர் சொன்னதையே செய்வேன்: கோரை மட்டும் மாற்றுவேன். தொட்டிகளும் தாங்கிகளும் உறைத் துளைகளும் உங்கள் வாகனத்துக்கு ஏற்கெனவே பொருந்தியவை. பொருத்தம் பற்றிய கவலையே எழாது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. தொட்டிகளின் பித்தளை மெலிந்திருக்கக் கூடாது. உட்புறம் சுரண்டிப் பார்த்தால் வேலைக்காரருக்குத் தெரியும். புதிய கோரின் தடிப்பும் குழாய் எண்ணிக்கையும் பழையதற்குக் குறையக் கூடாது. கோரை நீங்கள் கண்ணால் பார்த்து, எண்ணி, ஒப்புக்கொண்ட பிறகே பற்றவைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் நீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி, மூடியின் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்றழுத்தம் கொடுத்து, குமிழி வருகிறதா என்று உங்கள் முன்னிலையிலேயே பார்க்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும், டென்சோ, கோயோ போன்ற பெயர் பெற்ற தயாரிப்பாளரின் புதிய அலுமினிய ரேடியேட்டரை எடுங்கள். பெட்டியில் பெயரே இல்லாத மலிவுச் சரக்கை எடுக்காதீர்கள். பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த ரேடியேட்டரை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியில் வர்ணம் அடித்துப் பளபளப்பாக்கலாம், ஆனால் குழாய்களுக்குள் எத்தனை அடைபட்டுள்ளன என்பதை வாங்குபவர் பார்க்க முடியாது. பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் அதன் ஆயுளில் பாதி ஏற்கெனவே கழிந்திருக்கும். முழு அலுமினிய வெல்டிங் ரேடியேட்டரின் குறை, பெரும்பாலும் அது உங்கள் உறைக்கும் இறப்பர்த் தாங்கிகளுக்கும் ஏற்ப அமைக்கப்பட்டிருக்காது என்பதுதான். கோர் தடிப்பானால் விசிறி இதழுக்கும் கோருக்கும் இடையிலுள்ள இடைவெளியும் குறைந்துவிடும்.

எதை மாட்டினாலும் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப நீர்ப்பாதையைத் திறந்து மூடும் வால்வு), இரண்டு ஹோஸ்கள், மூடி ஆகியவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால், அந்த அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 118 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் வெறும் சட்டியில் கொதிப்பது போல 100 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்காக 1.1 என்று பொறித்த மூடியைத் தேடி மாட்ட வேண்டாம். பழைய ஹோஸும் ஹீட்டர் குழாயும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: புதிய அலுமினிய ரேடியேட்டர் மாட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை, கோரின் நடுவே ஊசி முனையளவு துளைகள் விழுந்துவிட்டன. விற்றவர் “உப்புக் காற்று” என்று கையை விரிக்கிறார். வீட்டுக் கிணற்று நீரையே ஊற்றி வருகிறேன். உப்புக் காற்று ஒரு வருடத்தில் இப்படிச் செய்யுமா?
– வாசகர், குச்சவெளி

பதில்: கடற்காற்று வெளியிலிருந்து தின்னும், அது முதலில் மென்தகடுகளைத்தான் உதிர்க்கும். ஊசித் துளை விழுந்த இடத்தைச் சுற்றித் தகடுகள் நன்றாக இருந்தால், அரிப்பு உள்ளேயிருந்து வந்திருக்கிறது. என் முதல் ஐயம் உங்கள் கிணற்றின் மீதுதான். கரையோரக் கிணறுகளில் வரட்சிக் காலத்தில் உவர் ஏறுவதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்பிலுள்ள குளோரைட்டு அலுமினியத்தில் குழி தோண்டும். உவர் இல்லாத கிணறானாலும் நம் உலர்வலயத்து நீர் பெரும்பாலும் கடினமானது. ரேடியேட்டர் நீரில் கலக்கும் யப்பானிய வகைக் கூலன்ட்டுகளில் பொஸ்பேற்று சேர்ந்திருக்கும். கடினநீரின் கல்சியத்துடன் அது சேர்ந்து வெள்ளைப் படிவாகக் குழாய்களில் ஒட்டும். நல்ல கூலன்ட் வாங்கி அதைக் கிணற்று நீரில் கலப்பவர், பணம் கொடுத்தே அடைப்பை வாங்குகிறார்.

ஆகவே கலந்தே விற்கப்படும் கூலன்ட்டை வாங்குங்கள். அல்லது செறிவான கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீருடனோ, ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய நீருடனோ கலவுங்கள். பற்றரிக்கு ஊற்றும் நீரும் பொருந்தும். பக்கத்தில் அதே போன்ற போத்தலில் பற்றரி அசிட்டும் விற்கப்படும் என்பதால் லேபலை வாசித்தே எடுங்கள். உறைபனி நமக்கு இல்லை என்பதற்காகக் கூலன்ட்டே வேண்டாம் என்று கருதுவது தவறு. நமக்குத் தேவை அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்கள். கலவையில் மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை கூலன்ட் இருந்தால் அவை போதிய அளவில் கிடைக்கும். அரைப்பங்கைத் தாண்டத் தேவையில்லை, ஏனெனில் வெறும் நீரே அதிக வெப்பத்தைச் சுமக்கும். சிவப்பு, பச்சை என்ற நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்ய வேண்டாம். நிறம் வெறும் சாயம்.

இரண்டாவது ஐயம் மின்கசிவு. பற்றரியிலிருந்து என்ஜினுக்கும் வாகனத்தின் உடற்பகுதிக்கும் செல்லும் எர்த் வயர் துருப்பிடித்திருந்தால், மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையாகக் கூலன்ட்டைத் தேர்ந்துகொள்ளும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, மல்டிமீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் மறை முனையிலும், சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டுக்குள்ளும் வைத்து, விளக்குகளையும் ஹீட்டர் விசிறியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை, 0.3ஐத் தாண்டினால் எர்த் வயரை மாற்றாமல் இன்னொரு ரேடியேட்டர் வாங்க வேண்டாம்.

கேள்வி: சிறு ஒழுக்குக்கு மஞ்சள் தூள் போடலாம் என்கிறார்கள். கடையில் விற்கும் ஒழுக்கு அடைக்கும் தூளும் உண்டு. புதியது வாங்கும் வரை இவற்றைப் போட்டு ஓடலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: வீடு போய்ச் சேருவதற்கு மட்டும். ஒழுகும் துளை எதுவென்று அந்தத் தூளுக்குத் தெரியாது. ஒடுங்கிய குழாய்களையும் ஹீட்டர் கோரையும் சேர்த்தே அது அடைக்கும். போட்டிருந்தால், புதிய ரேடியேட்டரை மாட்டும் முன் என்ஜினின் நீர்ப்பாதையை இரு திசையிலும் நல்ல நீரால் கழுவி, வெளிவரும் நீர் தெளியும் வரை விடாதீர்கள். மஞ்சளைக் கறிக்கே வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் பலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டே ஓடுகிறார்கள். “குளிர் நாட்டுக்காரருக்குத்தான் அது” என்கிறார் எங்கள் மெக்கானிக். புதிய ரேடியேட்டருடன் அதை மீண்டும் பொருத்த வேண்டுமா?
– வாசகர், கந்தளாய்

பதில்: பொருத்த வேண்டும். பல டொயோட்டா டீசல் என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலைகள் உள்ளன. குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் பாதையை மூடி, நீரை என்ஜினுக்குள்ளேயே சுற்றவிடுகிறது. சூடேறி, பொதுவாக 82 பாகை அளவில் திறக்கத் தொடங்கி, முழுதாகத் திறந்ததும் அதன் அடியிலுள்ள சிறு தட்டு அந்த உட்சுற்றுப் பாதையை மூடிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் உட்சுற்றுப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே மீண்டும் என்ஜினுக்குள் போகும். அதனால் சாதாரண ஓட்டத்தில் குளிர்ந்தும், சுமையில் அளவுக்கு மீறிச் சூடாகியும் வண்டி ஓடும். குளிர்ந்த டீசல் என்ஜின் கூடுதலாகப் புகைத்து, கூடுதலாகக் குடித்து, சிலிண்டர்களையும் விரைவில் தேய்க்கும் என்பது வேறு.

வாங்கும்போது அடியில் அந்தத் தட்டு உள்ள வகையையே கேளுங்கள்; அது இல்லாத மலிவு வகையும் அதே விட்டத்தில் விற்கப்படுகிறது, வாயில் சரியாகவே உட்காரும். பொருத்துவதற்கு முன் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அது திறக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். காற்று வெளியேறும் சிறு வால்வு மேற்பக்கம் வரும்படி வையுங்கள். அது கீழே இருந்தால் காற்று உள்ளே சிக்கி, புதிய ரேடியேட்டரும் முதல் நாளே சூடாகும்.